இருபுறமும் எழுதிய நோட்டு

ஒருசொட்டு. ஓட்டுநர் தேர்வு அலுவலர். பிறப்பு 1943, இறப்பு 2019.

இந்தப் பெயரை அவருக்கு வைத்தவர் யாரென்று தெரியவில்லை. அப்படி வைத்தவரை அவர் தேர்வில் தோற்கடித்திருப்பார் என்பது மட்டும் உறுதி. முப்பத்தொரு ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில், ஒரே மர நாற்காலியில் அமர்ந்து, தமக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று நம்பி வந்தவர்களுக்கு அது தெரியாது என்று எழுதிக் கொடுத்தவர் அவர். அலுவலகம் கொடுத்த தேர்வுத் தாளில் இருபது இனங்கள் இருந்தன. பதினேழாவது இனம், ‘வாகனத்தின் மீதான கட்டுப்பாடு.’ அதை எவ்வாறு அளப்பது என்று தாளில் எங்கும் சொல்லப்படவில்லை. அவரே ஒரு வழி கண்டார். எவர்சில்வர் தம்ளர் ஒன்றில் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே வரை தண்ணீர் ஊற்றுவார். தேர்வுத் தாளைத் தொடைமேல் விரித்து, அதன் மேல் தம்ளரை நிறுத்திக்கொண்டு, “எடுங்க வண்டியை” என்பார். தாளில் ஒரு சொட்டு விழுந்தால் தோல்வி. இரண்டு சொட்டு விழுந்தாலும் தோல்விதான். ஆனால் அப்போது கூடுதலாக ஒரு பேச்சும் உண்டு.

“இன்னைக்கு இங்க தண்ணி இருக்கு. நாளைக்கு ஒரு கைக்குழந்தை இருக்கும். இறங்குங்க.”

இப்படி இறக்கப்பட்டவர்களுள் ஒருவர் அவருடைய மனைவியின் தம்பி.

அது 1978. திருமணம் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் வேன் ஓட்டும் வேலை மைத்துனருக்காகக் காத்திருந்தது. உரிமம் ஒன்றுதான் பாக்கி. அக்காவின் கணவரே தேர்வு அலுவலர் என்பதால் வீட்டில் எல்லோரும் கவலையின்றி இருந்தார்கள். முதல் தேர்வில் கியர் மாற்றும்போது ஒரு சொட்டு விழுந்தது. இரண்டாம் தேர்வில் வளைவில் ஒரு சொட்டு. மூன்றாம் தேர்வில் வண்டி அலுவலக வாசலுக்கே திரும்பி வந்து, நிற்பதற்கு இரண்டு கஜம் இருக்கையில் ஒரு சொட்டு. அந்த மூன்றாவது சொட்டைப் பற்றிய வழக்கு நாற்பத்தோர் ஆண்டுகள் நடந்தது.

“நீங்க இருமுனீங்க மாமா! இருமினதாலதான் விழுந்துச்சு!”

“நான் இருமினா என் தொண்டைதான் ஆடும். தொடை ஆடாது.”

ரொட்டித் தொழிற்சாலை வேறு ஆளை எடுத்துக்கொண்டது. ஒருசொட்டுக்கு அன்று வீட்டில் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. ஒன்பது நாள் கழித்து மனைவி பேசிய முதல் வார்த்தை “நகருங்க” என்பது.

மைத்துனர் பக்கத்து ஊர் அலுவலகத்தில் உரிமம் வாங்கி, இருபத்தொன்பது ஆண்டுகள் டாக்சி ஓட்டினார். ஒரு கீறல் இல்லை, ஒரு புகார் இல்லை. இதை அவர் பெருமைக்காகச் சொல்வதில்லை. ஒருசொட்டு அருகில் இருக்கும்போது மட்டுமே சொல்வார். 2010இல் மனைவியை இழந்து, டாக்சியையும் விற்றுவிட்டு, ஒரு பெட்டியுடன் அக்கா வீட்டின் பின்னறைக்கு வந்து சேர்ந்தார். ஒருசொட்டு மறுக்கவில்லை. மறுக்காமல் இருந்ததைத் தாம் செய்த பேருதவியாகவே கடைசிவரை கருதினார்.

அந்த வீட்டின் சமையலறை, நீளம் பன்னிரண்டு அடி, அகலம் ஏழு அடி. அடுப்பிலிருந்து சாப்பாட்டு மேசை வரை தரையில் மஞ்சள் ஒட்டுநாடாவால் இரண்டு கோடுகள் இட்டிருந்தார் ஒருசொட்டு. கொதிக்கும் பாத்திரம் அந்தக் கோடுகளுக்கு இடையே மட்டுமே செல்ல வேண்டும். எதிரே வருபவர் நின்று வழிவிட வேண்டும். அவருடைய மனைவி மருத்துவமனைச் சமையற்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் நூற்றெண்பது பேருக்குச் சமைத்தவர். அவர் அந்தக் கோடுகளைத் துடைப்பத்தால் தினமும் பெருக்கினார். ஒரு நாளும் மதிக்கவில்லை. மைத்துனரோ வெங்காயம் நறுக்கும் பலகையைச் சரியாக இரண்டு கோடுகளுக்கும் நடுவே வைத்துக்கொண்டு, தரையில் சம்மணமிட்டு உட்காருவார்.

“அக்கா, இங்க நிறுத்தலாமா? இல்ல, இது நோ பார்க்கிங்கா?”

“உன் தம்பிகிட்டச் சொல்லு,” என்பார் ஒருசொட்டு, மூன்றடி தள்ளி இருப்பவரைப் பார்க்காமலே. “வழியில உட்கார்றதுக்கு இது டாக்சி ஸ்டாண்ட் இல்லன்னு.”

“ஸ்டாண்டா இருந்தா சவாரியாவது வரும். இங்க வர்றது சிடுசிடுப்புதான்.”

“ரெண்டு பேரும் வெளிய போங்க,” என்பார் அம்மையார். இருவரும் போகமாட்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருசொட்டுக்குத் தோற்கடிக்க ஆளில்லாமல் போயிற்று. கறுப்பு அட்டை போட்ட தடித்த நோட்டு ஒன்று வாங்கினார். முன்பக்கத்திலிருந்து சாலையை எழுதினார்: தேதி, வண்டி எண், குற்றம். நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து சமையலை எழுதினார்: தேதி, பதார்த்தம், குறை, பத்துக்கு மதிப்பெண். இரண்டு கணக்கும் ஒன்றை ஒன்று நோக்கி வளர்ந்துகொண்டு வந்தன.

சமையல் பக்கத்தில் ஒரு பதிவு இது: ‘4 மார்ச் 2012. குழம்பு. உப்பு சரி. காரம் கூடுதல் (மைத்துனர் தலையீடு). 7.’ ஏழுக்கு மேல் அவர் யாருக்கும் போட்டதில்லை. தம் தாயார் சமைத்ததற்கும் ஆறுதான் போட்டிருப்பார் என்று மனைவி சொல்வதுண்டு.

சாலைப் பக்கமோ வேறு வகை. அவருடைய மகள், ஒரே மகள், நகரத்தின் மறுகோடியில், பதினொரு கிலோமீட்டர் தள்ளி இருந்தாள். அவள் செவிலி, ஞாயிறுகளில் காலைப் பணி முடிந்து பன்னிரண்டு மணிக்குத்தான் வீடு திரும்புவாள். ஆகவே ஞாயிறு மதியச் சாப்பாடு தாய்வீட்டிலிருந்து போயாக வேண்டும் என்பது பதினாறு ஆண்டு வழக்கம். பதினொன்றே முக்காலுக்கு வண்டி கிளம்பும். ஒருசொட்டு ஓட்டுவார். பக்கத்தில் மனைவி, துண்டு சுற்றிய பாத்திரத்தை மடியில் அணைத்தபடி. பின்னிருக்கையில் மைத்துனர், ரொட்டிப் பையுடனும் அபிப்பிராயங்களுடனும். அந்தப் பதினொரு கிலோமீட்டரில் சாலையில் சென்ற ஒரு மனிதரும் ஒருசொட்டின் வாயிலிருந்து தப்பியதில்லை.

திரும்பி முடித்த பிறகு இண்டிகேட்டர் போடுபவரைக் கண்டால்: “கல்யாணம் முடிஞ்சப்புறம் பத்திரிகை கொடுக்க வர்றான்.”

சிவப்பு விளக்குக்கு முன் நின்று ஹாரன் அடிப்பவரை: “விளக்குக்குக் காது இருக்குன்னு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கான்.”

இரண்டு தடங்களுக்கும் நடுவே கோட்டின் மேல் ஊர்பவரை: “ரெண்டு வீட்டுக்கும் வாடகை கொடுக்காதவன்.”

தோளுக்கும் காதுக்கும் நடுவே கைப்பேசியைச் சொருகிக்கொண்டு போகும் மோட்டார் சைக்கிள்காரரை: “கழுத்துச் சுளுக்கு. கடவுளே கொடுத்த தண்டனை.”

தவறு செய்பவர்களிடம் மட்டும் பகை கொண்டவர் அல்லர் அவர். கையசைத்து, புன்னகையோடு வழிவிடுபவர்களை இன்னும் கடுமையாக வெறுத்தார். முன்னுரிமை யாருக்கு என்று தெரியாதவர்கள்தாம் தாராளம் காட்டுவார்கள் என்பது அவர் முடிவு. நோட்டில் இவ்வகையினருக்கென்றே ஒரு தலைப்பு இருந்தது: ‘தேவையற்ற மரியாதை.’

“மாமா, அந்த அம்மா நமக்கு வழிவிட்டாங்க. ஒரு கையாவது காட்டலாம்,” என்பார் பின்னாலிருந்து மைத்துனர்.

“உன் தம்பிகிட்டச் சொல்லு, சவாரி பிடிக்கறவன் பல்லைக் காட்டட்டும். நான் வண்டி ஓட்டறேன்.”

“பதினாறு வருஷமா ஒரு சொட்டு சிந்தினது கிடையாது,” என்று மகள் வீட்டு வாசலில் ஒவ்வொரு ஞாயிறும் சொல்வார். இறங்குவதற்கு முன், பாத்திரத்தைச் சுற்றிய துண்டை விரலால் தொட்டுப் பார்ப்பார். உலர்ந்திருக்கும். “பார்த்தியா?” என்பார், யாரையும் குறிப்பிடாமல், பின்னிருக்கையை மட்டும் நோக்கி.

2016 மே மாதம் ஒரு பழுப்பு உறை வந்தது. ஜூன் முப்பதாம் தேதி அவருக்கு எழுபத்து மூன்று நிரம்புகிறது. அத்துடன் உரிமம் காலாவதியாகும். புதுப்பிக்க வேண்டுமானால் மருத்துவச் சான்றிதழுடன் நேரில் வந்து, சாலைத் தேர்வு ஒன்றுக்கு உட்பட வேண்டும். அதே அலுவலகம். அதே இருபது இனங்கள். தேர்வு நாள் ஜூன் பதினைந்து.

அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து நான்கு முறை படித்தார். தேர்வைப் பற்றி அவருக்கு அச்சமில்லை, அவமானம்தான். அதையும் மிஞ்சிய ஒன்று இருந்தது. உரிமம் போனால் வண்டியை வேறொருவர் ஓட்ட வேண்டும். அந்த வீட்டில் உரிமம் உள்ள வேறொருவர் ஒருவர்தாம் இருந்தார். அவர் அப்போது மேசையின் மறுபுறம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன மாமா, பரீட்சையா?” என்றார் மைத்துனர். “தம்ளர் வேணும்னா சொல்லுங்க, விளக்கி வைக்கிறேன்.”

“நீ ஓட்டற வண்டில நான் ஏறுனா, அது என்னைச் சுமந்துட்டுப் போற கடைசி வண்டியாத்தான் இருக்கும்.”

“அதையும் நல்லா ஓட்டுவேன். குலுங்காது.”

அம்மையார் பட்டாணிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

பேச்சு அத்துடன் நிற்கவில்லை. அடுத்த சில நாள்கள் ஒவ்வொரு வேளையும் அது மேசைக்கு வந்தது. தேர்வுக்கு முந்திய ஞாயிறு, அதாவது ஜூன் பன்னிரண்டு, நெருங்குகையில் ஒருசொட்டு ஓர் அறிவிப்புச் செய்தார்.

“இந்த வாரம் சூப் வை. பழைய மாதிரி, எலும்பு சூப். தண்ணியா. ரெண்டு வருஷமா நீ வைக்கிறது எதுலயும் கரண்டி விழ மாட்டேங்குது. பாத்திரம் நிறைய ஊத்து. சிந்தாமக் கொண்டுபோறதை உன் தம்பி பார்க்கட்டும்.”

அடுப்பருகில் நின்ற மனைவி திரும்பவில்லை. “வறுவல் பண்ணலாம்னு இருந்தேன். பேரப்பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்.”

“சூப்.”

“சூடா இருக்கும். வேற என்னாச்சும்…”

“சூப்னு சொன்னேன்.”

“அக்கா, வச்சிக் கொடு,” என்றார் மைத்துனர், கத்தியைத் துடைத்தபடி. “நீ ஆஸ்பத்திரில நோயாளியைப் பார்த்துத்தானே சமைப்பே. இங்க நோயாளியே கேட்கறாரு, கொடுத்துடு.”

அம்மையார் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பொருள் இருந்தது. ஒருசொட்டு அதைக் கவனித்தார். அக்காவும் தம்பியும் சேர்ந்து தமக்கு எதிராக ஏதோ பேசிவைத்திருக்கிறார்கள் என்றும் எண்ணினார். அந்த எண்ணம் சரிதான். விஷயம்தான் வேறு.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே எலும்பு கொதிக்கத் தொடங்கியது. மிளகும் பூண்டும் வீட்டை நிறைத்தன. மனைவி மூன்று முறை வடிகட்டினார். பாத்திரத்தில் முக்கால் அளவு ஊற்றியதும் கரண்டியை வைத்தார். ஒருசொட்டு அதே கரண்டியை எடுத்து, பாத்திரத்தின் கழுத்து வரைக்கும் தாமே ஊற்றி நிரப்பினார். மூடியை அழுத்தினார். அந்த மூடி ஒருபுறம் சற்று நெளிந்திருந்தது. இரண்டு ஆண்டுகளாக அதைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவை இருந்ததில்லை.

வண்டி பதினொன்றே முக்காலுக்குக் கிளம்பியது.

முதல் கிலோமீட்டரில் குப்பை லாரி ஒன்றும், நடைபாதை மேல் ஏற்றி நிறுத்திய கார் ஒன்றும் தீர்ப்புப் பெற்றன. இரண்டாவதில் ஒருவர் ஸ்டீயரிங்கின் மேல் தட்டை வைத்து ரொட்டி தின்றுகொண்டே சென்றார். “சாப்பாட்டு மேசைக்கு எஞ்சின் வச்சிருக்கான்,” என்றார் ஒருசொட்டு. வண்டி சீராகச் சென்றது. துண்டு உலர்ந்திருந்தது. அவர் முகத்தில் வெற்றியின் சாயல் படியத் தொடங்கியது.

பேக்கரி இருக்கும் தெருவில் திரும்பியபோது மைத்துனர் முன்னால் சாய்ந்தார். “மாமா, முன்னாடி வண்டி.”

“தெரியும்.”

“மாமா, அந்த வெள்ளைக் கார்…”

“பின்னாலருந்து ஓட்டாதேன்னு உன் தம்பிகிட்டச் சொல்லு.”

“மாமா! நிக்குது!”

அவர் கால் பிரேக்கைத் தேடியது. தேடியது என்பதே சரியான சொல். ஐம்பது ஆண்டுகளாக இருந்த இடத்தில்தான் அது இருந்தது, அவர் கால்தான் தாமதமாக வந்தது. வண்டி கிரீச்சிட்டு, வெள்ளைக் காரின் பின்புறத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. நெளிந்த மூடி திறந்துகொண்டது. சூப் பாத்திரத்தின் கழுத்திலிருந்து அலையாக எழும்பி, மனைவியின் இரு முழங்கால்களின் மேலும் இறங்கியது.

அம்மையார் அலறவில்லை. “ஆ” என்று ஒரே ஒரு மூச்சு, அவ்வளவுதான். மைத்துனர் அதற்குள் இறங்கி, கதவைத் திறந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீர்ப் புட்டியை அக்காவின் காலில் கவிழ்த்திருந்தார்.

“பார்த்தியா அவனை!” என்று கத்தினார் ஒருசொட்டு. “நடுரோட்டுல திடீர்னு நிறுத்தறான்! நம்பரைப் பாரு, நம்பரை!”

மைத்துனர் காலியான புட்டியோடு நிமிர்ந்தார். முதன்முறையாக அவர் குரலில் கேலி இல்லை.

“மாமா. அந்த வண்டி ஓரமா நிறுத்தியிருக்கு. உள்ள ஆளே இல்ல.”

மகள் வீடு சேர்ந்ததும் மகள் தாயைக் குளியலறைக்கு அழைத்துச் சென்று, அரை மணி நேரம் தண்ணீரில் காலை நனைத்து, மருந்திட்டாள். இடது முழங்காலில் இரண்டு கொப்புளங்கள். வலதில் சிவப்பு மட்டும். உயிருக்கு ஒன்றுமில்லை. தந்தையிடம் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“இன்னைக்கு ஏன்ப்பா சூப்பு?”

‘எப்படி ஆயிற்று’ என்று கேட்டிருந்தால் அவரிடம் விடை இருந்தது. இந்தக் கேள்வி அவருக்குப் புரியவில்லை. மாடிப்படியில் போய் உட்கார்ந்து, வெள்ளைக் காரின் எண்ணை எழுதுவதற்காக நோட்டைத் திறந்தார்.

எழுத இடமில்லை. முன்பக்கத்திலிருந்து வந்த சாலைக் கணக்கும், பின்பக்கத்திலிருந்து தலைகீழாக வந்த சமையல் கணக்கும் நடுவில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஓரத்தில் ஏதேனும் வெற்றிடம் கிடைக்குமா என்று பின்னோக்கிப் புரட்டினார். ஒரு பக்கம் சாலை. திருப்பிப் பிடித்தால் எதிர்ப்பக்கம் சமையல். முப்பத்தொரு ஆண்டுகள் தாள்களைச் சரிபார்த்த கண் அது. தேதிகள் அதன் முன்னால் தாமே வந்து வரிசையில் நின்றன.

சாலையில்: ‘17 ஆகஸ்ட் 2014. மஞ்சள் பேருந்து. காரணமின்றி நிறுத்தம். கடும் பிரேக்.’ சமையலில், அடுத்த ஞாயிறு: ‘24 ஆகஸ்ட். சூப் கெட்டி. மாவு சேர்க்கப்பட்டுள்ளது. 5.’

சாலையில்: ‘8 பிப்ரவரி 2015. சைக்கிள்காரர். முன்னறிவிப்பின்றிக் குறுக்கே. கடும் பிரேக்.’ சமையலில்: ‘15 பிப்ரவரி. சூப் இல்லை. உருளைக்கிழங்குக் குழம்பு. பெயர்தான் குழம்பு, கரண்டி நிற்கிறது. 4.’

‘1 நவம்பர் 2015. நடைபயணி. கடும் பிரேக்.’ ‘8 நவம்பர். குழம்பே இல்லை. வறுத்த கறி, ரொட்டி. 3.’

‘3 ஏப்ரல் 2016. நாய்.’ ‘10 ஏப்ரல். வறுவலும் திருகு மூடி போட்ட டப்பாவில். கவிழ்த்துப் பிடித்தாலும் சிந்தாத உணவு. 3.’

பேருந்து, சைக்கிள், நடைபயணி, நாய் என்று குற்றவாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பிரேக் போட்டவர் மட்டும் மாறவே இல்லை.

நோட்டில் விரலைச் செருகியபடியே உள்ளே வந்தார். மனைவி நாற்காலியில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். மைத்துனர் மகளின் சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். சாப்பாடு என்று ஏதாவது இருந்தாக வேண்டுமல்லவா.

“ரெண்டாயிரத்துப் பதினாலு, ஆகஸ்ட் இருபத்துநாலு,” என்றார் ஒருசொட்டு. “மாவு எதுக்குச் சேர்த்தே?”

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கேள்விக்கு இரண்டு ஆண்டுகளாகக் காத்திருந்தவர் போல, தயங்கவே இல்லை.

“அதுக்கு முந்தின வாரம் சூப் என் மடில கொட்டிச்சு. கொஞ்சம்தான். துண்டை உள்பக்கமாத் திருப்பிச் சுத்தி, உங்க கைல காய்ஞ்ச பக்கத்தைக் கொடுத்தேன்.”

“பிப்ரவரி பதினஞ்சு?”

“அதுக்கு முந்தின வாரம் கொஞ்சம் இல்ல.”

“சொல்லியிருக்கணும்.”

“சொன்னா கேட்பீங்களா? உங்ககிட்டச் சொல்லிப் பிரயோசனம் இல்ல. குழம்புகிட்டச் சொன்னேன். அது கேட்டுச்சு.”

ஒருசொட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

“இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரில சமைச்சிருக்கேன்,” என்றார் மனைவி. “முழுங்க முடியாதவனுக்குக் கூழு. மெல்ல முடியாதவனுக்கு மசியல். பிரேக் போட முடியாதவனுக்கு என்ன கொடுக்கணும்னு அங்க யாரும் சொல்லித் தரல. நானாத்தான் கத்துக்கிட்டேன்.”

“மூணு போட்டிருக்கேன்,” என்றார் அவர். குரலில் இன்னும் வீறாப்பு இருந்தது. ஆனால் அது எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றது.

“தெரியும். அந்த நோட்டைத் தூசி தட்டி எடுத்து வைக்கிறது யாரு? அந்த மூணு சமையலுக்குப் போட்டதா, வேற எதுக்காவது போட்டதான்னு நீங்களே பார்த்துக்கங்க.”

“உனக்கும் தெரியுமா?” என்று மகளைக் கேட்டார்.

“எல்லாருக்கும் தெரியும்ப்பா. பிள்ளைங்களுக்குக்கூட. ‘தாத்தா சாப்பாடு’ன்னா சிந்தாததுன்னு அர்த்தம் எங்க வீட்டுல.”

ஒருசொட்டு வெளியே போனார். வண்டியின் டாஷ்போர்டுப் பெட்டியில், பதவியில் இருந்த காலத்துத் தேர்வுத் தாள்கள் சில ஒரு ரப்பர் வளையத்துக்குள் கிடந்தன. ஒன்றை உருவினார். சூப் வாடை வீசிய அந்த வண்டிக்குள்ளேயே, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, நெடுநேரம் எழுதினார். மன்னிப்புக் கேட்க வருவாரோ என்று மகள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதற்குப் பழகியவர் அல்லர்.

தாளைக் கொண்டுவந்து மேசையில், உப்பு ஜாடியின் கீழ் வைத்தார். தேர்வருக்கான இடத்தில் தம் பெயர். இனம் ஒன்று முதல் பதினாறு வரை தேர்ச்சி. கண்ணாடி பார்த்தல், சைகை, கை நிலை எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண். தமக்குரியதைத் தாமே குறைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. பதினேழாவது இனத்தில் சிவப்பு மையால் ஒரு சுழி. குறிப்பு: ‘ஒரு சொட்டு அன்று, ஒரு பாத்திரம்.’ முடிவு: தோல்வி. கீழே தேர்வு அலுவலர் கையொப்பம். அதன் பக்கத்திலேயே தேர்வர் கையொப்பம். இரண்டும் ஒரே கை.

சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை. தாளின் மேல் வைத்துவிட்டு முட்டையைச் சாப்பிட்டார். உப்புக் கூடுதல் என்றார்.

மைத்துனர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளைப் படித்தார். முழுவதும் படித்தார். முப்பத்தெட்டு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த பேச்சு அவரிடம் இருந்தது. அதில் ஒன்றையும் அன்று எடுக்கவில்லை. சாவியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

“கண்ணாடியைச் சரி பண்ணாம வண்டியை எடுத்தே, நான் நடந்தே போயிடுவேன்,” என்றார் ஒருசொட்டு, தட்டிலிருந்து தலை நிமிராமல். அவரிடம் நேராகச் சொன்னார். “உன் தம்பிகிட்டச் சொல்லு” என்பது இல்லை.

வீடு திரும்புகையில் மனைவி பின்னிருக்கையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டார். ஒருசொட்டு முன்னால், மகளின் சமையலறையிலிருந்து கேட்டு வாங்கிய தம்ளரைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, அதன் கீழே ஒரு தேர்வுத் தாளையும் விரித்துக்கொண்டார். பதினொரு கிலோமீட்டர். பேக்கரித் தெருவில் அந்த வெள்ளைக் கார் அப்போதும் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. மைத்துனர் அதைச் சுற்றி, படகு போல விலகிச் சென்றார். வாசலில் வண்டி நின்றபோது தாள் உலர்ந்திருந்தது.

“என்ன மாமா?”

“முக்குல ஹாரன் அடிச்சே. தேவையே இல்ல.” தம்ளரிலிருந்த தண்ணீரைப் பூந்தொட்டியில் ஊற்றிவிட்டு உள்ளே போனார்.

ஜூன் பதினைந்தாம் தேதி அவர் அலுவலகத்துக்குப் போகவில்லை. உரிமத்தை உறையிலிட்டு அஞ்சலில் திருப்பி அனுப்பினார். அவர் கடைசியாக வண்டி ஓட்டியது 12 ஜூன் 2016.

அதற்குப் பின் இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு ஞாயிறும் அதே மூவர், அதே வண்டி, அதே பதினொன்றே முக்கால். முன்னிருக்கைகளில் மட்டும் மாற்றம். சமையலறையின் மஞ்சள் கோடுகள் அப்படியே இருந்தன. சூப் பழையபடி தண்ணீராயிற்று. புது நோட்டில் ஏழு வரை ஏறியது. சாலையில் செல்பவர்கள்மீது அவருக்கிருந்த பகை சிறிதும் குறையவில்லை. ஓட்டும் வேலை இல்லாததால் பேச இன்னும் வசதியாயிற்று. தம்ளரும் தாளும் வாராவாரம் வந்தன. ஒரு ஞாயிறும் சொட்டு விழவில்லை. ஒரு ஞாயிறும் அவர் ‘தேர்ச்சி’ என்று எழுதவுமில்லை. கேட்டால், பேனாவில் மை இல்லை என்பார்.

2019 தொடக்கத்தில் அவருக்குச் சளி பிடித்து நெஞ்சில் தங்கியது. மருத்துவர் படுத்திருக்கச் சொன்னார். அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுந்துகொண்டார். அப்படி எழுந்த ஒரு நாள், மகள் வீட்டு வாசலில் வண்டி மெல்ல ஒதுங்கி நிற்பதற்கு இரண்டு கஜம் இருக்கையில், அவருக்குப் பெரிதாக இருமல் வந்தது. தம்ளர் ஆடியது. தாளில் ஒரு சொட்டு விழுந்தது.

மைத்துனர் வண்டியை நிறுத்தினார். சொட்டைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பிறகு ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

“இப்பச் சொல்லுங்க மாமா! தொண்டையா? தொடையா? அக்கா, பார்த்தியா, நீ சாட்சி!”

“பார்த்தேன், பார்த்தேன். நாற்பத்தோரு வருஷம் ஆச்சு,” என்றார் பின்னாலிருந்து அம்மையார், பாத்திரத்தைப் பிடித்தபடி. “இப்பவாச்சும் ஒத்துக்கங்களேன்.”

ஒருசொட்டு இருமி முடித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அன்று அதில் மை இருந்தது. ஈரம் பரவிய இடத்தைத் தவிர்த்து, பதினேழாவது இனத்துக்கு நேரே, நிதானமாக, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு, ‘தோல்வி’ என்று எழுதி, கையொப்பமிட்டுத் தாளை மைத்துனரிடம் நீட்டினார்.

அவர் கடைசியாக ஒருவரைத் தேர்வில் தோற்கடித்தது 10 பிப்ரவரி 2019, ஞாயிற்றுக்கிழமை.